நம்ம ஆளுக்கு மட்டும் புரிந்தால் போதுமா?

கோட்நேம்ஸ் பிக்சர்ஸ் ஆடியிருக்கிறீர்களா? எங்கள் கிளையில் மாதக் கூட்டம் முடிந்ததும் இப்போது இதுதான் ஓடுகிறது. செக் நாட்டுக்காரர் விளாடா க்வாட்டில் உருவாக்கிய சொல் விளையாட்டு 2015-இல் வந்தது. அடுத்த ஆண்டே இந்தப் பட விளையாட்டும் வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக: மேசையில் 20 படங்கள், இரண்டு அணிகள். எந்தப் படம் யாருக்குச் சொந்தம் என்பது இரு தலைவர்களுக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரு சொல், ஓர் எண் மட்டுமே சொல்லலாம். 'மழை, 3' என்றால் மழையை நினைவூட்டும் மூன்று படங்களை அணி தேட வேண்டும். கொலையாளி படத்தைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே காலி. நம் ஆட்கள் அதன்மேல் கையை நீட்டினாலும் தலைவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது. (இதுதான் ரொம்பக் கஷ்டம். சிலருக்குப் புருவமே காட்டிக்கொடுத்துவிடும்.)

போன மாதம் ஒரு தலைவர் 'லங்காவி, 2' என்றார். மேசையில் கடல் படமும் இல்லை, கழுகு படமும் இல்லை. அவரும் அணியில் இருந்த அவருடைய நண்பரும் லங்காவி போனபோது நடந்த ஏதோ ஒரு கூத்தாம். நண்பர் சிரித்துக்கொண்டே இரண்டு படத்தையும் டக்கென்று தொட்டார். இரண்டுமே சரி! அதே அணியில் அன்றுதான் முதல் தடவையாக வந்த தம்பி ஒருவன், படிவம் ஐந்து மாணவன். "நீங்க ஆடுங்கண்ணா, நான் பார்க்குறேன்"னு சொல்லி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

இது தப்பா? விதிப்படி தப்பே இல்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. "ஜெயிக்கத்தானே ஆடுறோம், கூட்டாளியோட மனசு தெரிஞ்சிருக்கிறதும் திறமைதானே?" என்று கேட்டால், பாதி ஒத்துக்கொள்வேன். அணியில் இரண்டே பேர் என்றால் முழுசாகவே ஒத்துக்கொள்வேன். ஆனால் நான்கு பேர் இருக்கும்போது சொல் மற்ற மூன்று பேருக்கும் சொல்லப்படுகிறது. அவர்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, ஒரு படத்துக்கு வருவதுதான் ஆட்டமே. லங்காவி என்ற சொல் இரண்டு பேரைப் பார்வையாளர்கள் ஆக்கிவிட்டது. சின்னத் தப்புதான், ஆனாலும் தப்பு என்றே நினைக்கிறேன்.

அதற்காக எல்லாருக்கும் சுலபமான சொல்லையே சொல்ல வேண்டுமா? இல்லை. கடினமான சொல் வேறு, பூட்டிய சொல் வேறு. கடினமான சொல்லை அந்தத் தம்பியும் யோசித்துப் பிடிக்கலாம். பூட்டிய சொல்லை எவ்வளவு யோசித்தாலும் பிடிக்க முடியாது, சாவி வேறொருவர் சட்டைப்பையில் இருக்கிறது.

திருக்குறளில் அவையறிதல் என்று தனி அதிகாரமே உண்டு. நம் செயற்குழுவிலும் அதைத் தேட வேண்டியிருக்கிறது. "போன வருஷம் மாதிரியே செஞ்சிடலாம்" என்று ஒருவர் சொல்வார், பழைய ஆட்கள் தலையாட்டுவார்கள். போன வருஷம் என்ன நடந்தது என்று புதியவர்களுக்கு எப்படித் தெரியும்? கேட்கவும் கூச்சப்படுவார்கள். "சொன்னோமே, கேட்கலையா?" என்று பிறகு அவர்களையே குறை சொல்வோம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கடைசிச் சுற்று, எதிரணி ஜெயிக்கப் போகிறது, என் நண்பனுக்கு மட்டும் புரியும் சொல் ஒன்று நாக்கு நுனியில் நிற்கிறது. அப்போதும் பொதுவான சொல்லைத்தான் தேடுவேன். என் அணியே என்னைத் திட்டும், அதுவும் தெரியும்.