துவக்கின் குரலும் வேட்டைக்காரனின் செவியும்

மாக்சிம் என்னும் பெயரை ஆபிரிக்காவின் வரலாறு எளிதில் மறந்துவிடாது. ஹைரம் மாக்சிம் 1884 இல் ஆக்கிய இயந்திரத் துவக்கு, 1898 இல் ஒம்டுர்மான் களத்தில் ஒரே நாளிலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூடானியரைக் கொன்று குவித்த பிரித்தானிய எகிப்தியப் படையின் கையிலிருந்தது. அப்படையில் மாண்டவர் ஐம்பதின்மருக்கும் குறைவு. இப்பெருந்தொண்டுக்குரியவர் 1901 இல் 'சேர்' பட்டம் பெற்றார்; தாம் ஆக்கிய துவக்குகளின் ஓசையாலேயே செவிப்புலன் கெட்டு முதுமையிற் செவிடருமாயினார். அவர் மகன் ஹைரம் பேர்சி மாக்சிம், துவக்கின் ஓசையை அடக்கும் குழாய் ஒன்றுக்கு 1909 இல் அமெரிக்காவிலே ஆக்கவுரிமை பெற்றார். தந்தையின் பாவத்தை மகன் கழுவினான் என்று சொல்லத் தோன்றும். மகன் அடக்கியதோ ஓசையை மட்டுமே.

'சைலென்சர்' என வழங்கும் அந்த ஒலியடக்கியை வேட்டையாடுவோர் தம் துவக்கிற் பொருத்தலாமா என்ற வினா அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. 2022 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வேட்டையாடுவோர் ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் பேர். நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவர்களுக்கு இக்கருவியை அனுமதித்துள்ளன. 1934 இன் மத்திய சட்டம் இதனைத் தடைசெய்யவில்லை. பதிவு செய்யவும் 200 டொலர் வரி செலுத்தவும் பணித்தது. 2025 இல் நிறைவேறிய சட்டமொன்று அவ்வரியை 2026 ஜனவரி முதலாந் திகதியோடு இல்லாதொழித்தது. பதிவு மட்டும் விடப்பட்டது. அதுவும் ஒழிய வேண்டும் என்று கோருவோர் பலர். இக்கருவியை விற்று வாழும் வணிகர் அவர்களுள் முன்னணியில் நிற்கின்றனர்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். திரைப்படங்களிலே காண்பதுபோல, இக்கருவி துவக்கை ஊமையாக்குவதில்லை. குழலிலிருந்து பீறிடும் வெப்ப வாயு, கருவியினுள்ளே அடுக்கடுக்காக அமைந்த அறைகளிற் சிக்கி, விரிந்து, தணிந்து வெளியேறுகிறது. அதனால் 160 டெசிபெல் அளவினதான வெடியோசை இருபது முதல் முப்பத்தைந்து டெசிபெல் வரை குறைகிறது. பத்து டெசிபெல் குறைவதென்பது ஒலியின் ஆற்றல் பத்திலொன்றாவது என்பதை நினைவிற்கொண்டால் இக்குறைவு சிறிதன்று. ஆயினும் ஒலியினும் விரைந்து செல்லும் சன்னம் காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தக் குழாயும் அடக்காது. ஆகவே இதனைக் கொலைகாரனின் கருவி என்று மட்டுமே கூறி விலக்குவோர், திரைப்படத்தை நம்பி வாதிடுகின்றனர்.

வேட்டைக்காரரின் வாதம் எளியது, உண்மையுமானது. திடீரென வெடிக்கும் ஓசை 140 டெசிபெல்லைத் தாண்டினால் ஒரே தடவையிற் கூடச் செவியைக் கெடுக்கலாம். செவியடைப்பான் அணியலாமே எனின், சருகு அசைவதைக் கேட்டறிய வேண்டியவன் செவியை அடைத்துக்கொண்டு காட்டில் நிற்கமாட்டான். மாக்சிம்மைப் போல எத்தனையோ பெயரறியா மனிதர் செவிடராகத்தான் வேண்டுமா? வேட்டையை வெறுப்பவரும் இதற்கு ஆம் என்று விடையிறுத்தல் அறமாகாது. ஒருவன் செய்யும் தொழில் நமக்கு உவப்பில்லை என்பதற்காக அவன் உடலூனத்தைத் தண்டனையாக்க நாம் யார்?

ஆனால் செவியின்மீது இத்துணைப் பரிவு கொண்ட அதே நாட்டிலே, தொழிற்சாலையில் 90 டெசிபெல் இரைச்சலின் நடுவே எட்டு மணிநேரம் நிற்கலாம் என்று தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட எல்லை அரை நூற்றாண்டாக மாறவில்லை. அதனை 85 ஆகக் குறைக்குமாறு அரசின் ஆய்வு நிறுவனமே பரிந்துரைத்தும் பயனில்லை. பொழுதுபோக்குக்காகச் சுடுபவன் செவிக்கு வாதாட ஒரு வணிகமே இருக்கிறது. வயிற்றுக்காகப் பொறியருகே நிற்பவன் செவி எவருக்கும் விற்பனைப் பொருளாகவில்லை.

இனி வினாவின் நடுவிற்கு வருவோம். ஓசையற்ற வேட்டை புதியதா? வில் பேசுவதில்லை. வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை முதல் உடும்பு ஈறாக ஊடுருவிய கதையைப் புறநானூற்றிலே படித்த நாம், அவ்வேட்டைக்கு ஓசையில்லை என்று குறைகூறியதில்லை. அமெரிக்காவிலும் வில்வேட்டைக்கென்று தனிப் பருவமே உண்டு. அம்பின் மௌனத்தைப் பொறுக்கும் நாம் துவக்கின் மௌனத்தை ஏன் ஐயுற வேண்டும்?

அம்பு எய்பவன் விலங்கை நெருங்கியாக வேண்டும். சில பத்து அடி தொலைவிலே, அது தன்னை மோப்பம் பிடிக்கும் வாய்ப்புக்கும் இடமளித்து, அதன் கண்ணைப் பார்த்து நிற்க வேண்டும். அம்பு தவறினாலும் அயலூருக்குப் போகாது. துவக்கின் சன்னமோ குறி தவறினால் மைல் கடந்தும் செல்லவல்லது. இதுவரை, அருகு செல்லும் உழைப்பு வில்லின் மௌனத்துக்கு விலையாயிற்று. ஓசை துவக்கின் தொலைவுக்கு விலையாயிற்று. தொலைவும் வேண்டும், மௌனமும் வேண்டும் என்பவன் விலை கொடாமற் பண்டம் கேட்கிறான். தன் செவி திறந்திருக்க வேண்டும், தன் துவக்கு பிறர் செவிக்கு எட்டாதிருக்கவும் வேண்டும் என்பது அவன் கோரிக்கை.

பிறர் என்று நாம் கூறுவது காட்டோரத்தில் வேலி கட்டும் கூலியாளை, விறகு பொறுக்கும் பெண்ணை, திருட்டு வேட்டையைத் தேடி நடக்கும் காவலனை. வெடியோசை அவர்களுக்கு ஓர் அறிவித்தல். ஒலியடக்கி பூட்டிய துவக்கு அவர்கள் செவிக்கு எட்டினாலும், எத்திசையிலிருந்து வந்ததென்பது எளிதில் விளங்காது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வேட்டைக்காரர் ஒளிரும் செம்மஞ்சள் மேலாடை அணிய வேண்டுமென்பது சட்டம். மானுக்கு அந்நிறம் தெரியாது. மனிதருக்காகவே அந்த ஆடை. ஆயுதம் தாங்கியவன் மனிதருக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற கொள்கையை அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

நோர்வேயைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அங்கே ஒலியடக்கியைக் கடையிலே எளிதாக வாங்கலாம். வேட்டைக்காரர் பலர் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்பது மெய். ஆனால் அந்நாட்டிலே துவக்கு ஒவ்வொன்றுக்கும் உரிமம் உண்டு. குழாயைக் கணக்கெடுக்காத அரசு குழலைக் கணக்கெடுத்திருக்கிறது. அமெரிக்காவிலோ சாதாரண வேட்டைத் துவக்குகளுக்கு மத்திய பதிவேடே கிடையாது; 1986 இன் சட்டம் அத்தகைய பதிவேட்டைத் தடுக்கவும் செய்கிறது. அங்கே ஒலியடக்கியின் பதிவையும் நீக்கினால், கேட்கவும் முடியாத, ஏட்டிலும் இல்லாத ஆயுதமே மிஞ்சும்.

பதிவேடு எல்லாக் கேட்டையும் தடுக்குமென்று நாம் கூறவில்லை. 2019 மே மாதத்தில் வேர்ஜினியா பீச் நகரில் ஒலியடக்கி பூட்டிய கைத்துவக்கினால் பன்னிருவரைக் கொன்றவன் அதனைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். எனினும் ஒரு காவல் போதாதென்பது அதனை எடுத்துவிடுவதற்குக் காரணமாகாது.

வேட்டைக்காரனுக்கு இக்கருவியை மறுத்தல் தகாது. பதிந்த பின்னரே அளித்தல் வேண்டும். குடியிருப்புகளை அண்டிய காடுகளில் அதற்கு எல்லை வகுத்தலும் வேண்டும். இதுவே நமது கருத்து. 200 டொலர் வரி நீங்கியதில் நமக்கு வருத்தமில்லை. 1934 இல் அது தொழிலாளி பல வாரம் உழைத்தாலன்றிக் காணாத தொகை. பணமுள்ளவன் செவியைக் காத்து ஏழையின் செவியைக் கைவிட்ட வரி அது. பெயரும் முகவரியும் ஏட்டிலே எழுதுவதற்கோ பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மைதான் செலவாகும்.