கொடுத்த முன்பணமும் மனச்சாட்சியும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் வாசலில் நாலைந்து குடும்பத்தார் கூடி நின்று, வேளாங்கண்ணித் திருநாளுக்கு வேன் பேசுவதைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, முன்பணத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, வயதான அம்மாள் ஒருவர், "ஏம்பா, மறுபடியும் கொரோனா மாதிரி ஒன்று வந்துவிட்டால் இந்தப் பணம் என்ன ஆகும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல நாளில் இப்படிப் பேசாதீங்க அத்தை" என்று ஒருவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆயினும் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அன்று. அதனுள்ளே பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஊரெங்கும் வியாதி பரவியிருக்கும் காலத்தில், ஓய்வுக்காகவோ பக்திக்காகவோ வெளியூர்ப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்வது நியாயமா? நோயற்ற காலத்தில் அமைதியாக இதை ஆராய்ந்து வைப்பது நல்லது. ஏனெனில் ஆபத்து வந்தபின் யோசிக்கிறவன் பெரும்பாலும் தன் ஆசையைத்தான் யோசிக்கிறான்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2020 மார்ச் 11ந் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச் 22 நள்ளிரவோடு பயணி ரயில்கள் நின்றன. 25ந் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. நமது திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் தடைசெய்யப்பட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதை, மாதக்கணக்கில் பௌர்ணமி இரவிலும் வெறிச்சோடிக் கிடந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். அவ்வாண்டு நவம்பர் 29ந் தேதி, 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. வழக்கமான கூட்டம் மட்டும் இல்லை. மறுவருஷம் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, எண்ணிக்கைக்கு வரையறை வைத்துப் பக்தர்கள் கிரிவலத்துக்கு அனுமதிக்கப்பட்டார்கள்.

வேளாங்கண்ணியிலும் அப்படியே. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருநாள், 2020இலும் 2021இலும் பக்தர் கூட்டம் இன்றியே நடந்தது. நம் பங்கிலிருந்து வருஷம் தவறாமல் போகிறவர்களும் வீட்டில் இருந்தபடி தொலைக்காட்சியில் கொடியேற்றம் பார்த்தார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் நாம் வீட்டுக்காரர்கள்; வெளியூரார் நம்மிடம் வருகிறார்கள். செப்டம்பரிலோ நாம் வெளியூரார். நாகப்பட்டினத்துக் கடற்கரை ஜனங்கள் வீட்டுக்காரர்கள். ஆகையால் இக்கேள்வியை இரு பக்கத்திலிருந்தும் பார்க்கும் வசதி இவ்வூராருக்கு உண்டு. நோய்க் காலத்தில் நமது தெருவில் வெளியூர் வண்டி ஒன்று வந்து நின்றால், "இவர்கள் எங்கிருந்து வருகிறார்களோ, எதைக் கொண்டுவருகிறார்களோ" என்று நம் நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பை நினைவில் வைத்துக்கொண்டுதான் நமது வேனுக்கு நாம் முன்பணம் கொடுக்க வேண்டும். பிறர் நமக்குச் செய்யலாகாது என்று நாம் எண்ணுவதை நாமும் பிறருக்குச் செய்யலாகாது என்பது குழந்தைக்கும் விளங்கும் நியாயம்.

இங்கே சிலர், "எனக்குப் பயமில்லை. சாவு வரவேண்டிய நேரத்தில் வரும்" என்பார்கள். தைரியம் நல்ல குணமே. ஆனால் ஒருவன் தன் உயிரைக்குறித்துத்தான் இப்படிச் சொல்லலாம். இந்த வியாதியோ, உடம்பில் காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றக்கூடியது. சிலருக்குக் கடைசிவரை எந்த அடையாளமும் தோன்றாமலே அவர்களிடமிருந்து பரவியது. ஆரோக்கியமாய்ச் சிரித்துக்கொண்டு தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்த வாலிபன், கடைக்காரருடைய வயதான தாய்க்கு மரணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கிழவி இவனுடைய தைரியத்துக்குச் சம்மதம் கொடுத்தாளா? தன் பணத்தைத் தானம் செய்யலாம். அடுத்தவன் பணத்தை எடுத்துத் தானம் செய்யலாகாது. தைரியமும் அப்படித்தான்.

வேறு சிலர், "அரசாங்கம் அனுமதித்துவிட்டது; பிறகென்ன?" என்பார்கள். அரசாங்கத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது கடமை. ஆனால் அனுமதி என்பது, போனால் தண்டனை இல்லை என்று மட்டுமே சொல்லும். போவது நல்லது என்று சொல்லாது. 2020ஆம் ஆண்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தபோது, சாவு, கல்யாணம், வைத்தியம் என்று உண்மையான காரணம் சொல்லிப் போனவர்கள் உண்டு; இல்லாத காரணத்தை உண்டாக்கிச் சொல்லிப் போனவர்களும் உண்டு. இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதிரியான சீட்டுத்தான். ஆனால் இருவர் மனச்சாட்சியும் ஒன்றாய் இருந்திருக்க முடியுமா?

அப்படியானால் நோய்க் காலத்தில் யாருமே எங்கும் போகலாகாதா? அப்படிச் சொல்லவில்லை. மரணப் படுக்கையில் இருக்கும் தாயிடம் ஓடுகிற மகனும், வேலையிழந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்து சொந்த ஊர் திரும்பிய தொழிலாளியும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். அவர்களைக் குறை சொல்வது கொடுமை. ஓய்வுங்கூட அவசியமானதே; ஓராண்டு முழுவதும் வியாதியஸ்தரைப் பராமரித்த ஒரு நர்ஸ், இரண்டு நாள் மலைக்காற்றை விரும்பினால் அது பேராசையா? ஆகவே பிரயாணத்தின் அவசியம் எவ்வளவு, அதனால் பிறருக்கு நேரக்கூடிய தீங்கு எவ்வளவு என்று இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். விவேகம் என்னும் புண்ணியத்துக்கு இதுதான் வேலை.

இனி முன்பணத்தின் விஷயத்துக்கு வருவோம். தராசைப் பிடித்திருக்கிற கையை அசைத்துவிடுவது பெரும்பாலும் இந்த முன்பணந்தான்.

2021 பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்குப் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 500 பேர்தாம். "ஒழிந்தது பீடை" என்று ஜனங்கள் மூச்சுவிட்டார்கள். அப்போது ரயிலில் 120 நாள் முன்னதாகவே இடம் பதிவு செய்யலாம். கோடை விடுமுறைக்கென்று அந்த மாதத்தில் டிக்கெட் எடுத்து, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அறை பிடித்து வைத்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் செய்ததில் குற்றமில்லை. ஆனால் மே 21ந் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. மூன்றே மாதத்தில் காலம் அப்படி மாறியது.

நிலைமை மாறுகிறது, கொடுத்த பணமோ மாறாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு வக்கீலைப்போல் வாதாடத் தொடங்குகிறது. "பத்தாயிரம் ரூபாய் வீணாகிவிடுமே! பிள்ளைகள் ஆசையாய்க் காத்திருக்கிறார்களே! அவ்வளவு மோசமாய் இராது. முகக்கவசம் போட்டுக்கொள்வோம். தடுப்பூசிதான் போட்டாயிற்றே!" என்கிறது. இவற்றில் சில நல்ல நியாயங்களே. தடுப்பூசி பலரை மரணத்திலிருந்து காத்தது உண்மை. ஆனால் போட்டுக்கொண்டவர் பிறருக்குத் தொற்றுக் கொடுக்கவே மாட்டார் என்று சொல்லவில்லையே. பணம் கொடுக்காதிருந்தால் இந்த நியாயங்கள் நமக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். போகவேண்டும் என்று முதலில் முடிவு செய்து, காரணத்தைப் பிறகு தேடுகிறவன், மனச்சாட்சியைக் கேட்கவில்லை. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான்.

ஆகையால், நோய்க் காலத்தில் பிரயாணத்துக்குப் பதிவு செய்வதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. நிற்க முடியாதபடி நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்வதுதான் தவறு என்கிறோம். முன்பணம் கொடுக்கும் அன்றே, "நிலைமை கெட்டால் இந்தப் பணத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பேன்" என்று உறுதி செய்துகொள்ளக்கூடியவன் தாராளமாய்ப் பதிவு செய்யட்டும். அவ்வளவு பணத்தை இழக்கத் தாங்காதவன் அவ்வளவு கொடுக்காதிருப்பானாக. அவன் ஏழை என்பதற்காக அன்று, அவனுடைய தீர்மானம் சுதந்திரமாய் இருக்கவேண்டும் என்பதற்காக.

இனி ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. "எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்த ஊர் எப்படிப் பிழைக்கும்?" என்பதே அது. கிரிவலப் பாதையில் பூ விற்கிறவள், ஆட்டோ ஓட்டுகிறவர், இளநீர் வெட்டுகிறவர், சிறு லாட்ஜ் நடத்துகிறவர், பக்தர் போடும் அன்னத்தை நம்பியிருக்கும் சாதுக்கள், இவர்களுக்கெல்லாம் பௌர்ணமிக் கூட்டந்தான் மாதச் சம்பளம். கூட்டம் வந்தால் நோய்; வராவிட்டால் பட்டினி. நமது பங்கிலும் இந்தப் பிழைப்பை நம்பிய குடும்பங்கள் உண்டு. ஆகவே வீட்டில் இருந்தவர்களெல்லாம் நல்லவர்கள், புறப்பட்டவர்களெல்லாம் கெட்டவர்கள் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். பூக்காரிக்கு வேண்டியது கூட்டம் அன்று, வருமானம். நோய்க் காலத்தில் நம் வருகையை நிறுத்திக்கொள்ளலாம். நம் பணத்தையும் கூடவே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பிரமாணம் சொல்கிறது? வருஷந்தோறும் தங்கும் லாட்ஜ்காரருக்கு, "இந்த வருஷம் வரவில்லை அண்ணே, முன்பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் கணக்குப் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பிச்சையும் அன்று, நஷ்டமும் அன்று. போகாதிருப்பது பிறர் சிநேகத்தில் ஒரு பாதி. போகாததால் மெலிந்தவனைத் தாங்குவது மறு பாதி. முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாய்த் தூங்குகிறவன், தன் சுகத்துக்குப் பிறர் சிநேகம் என்று பெயரிட்டவன் ஆகலாம்.

ஊரடங்கினால் ரத்தான விமான டிக்கெட்டுகளைப்பற்றி 2020 அக்டோபர் 1ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்து, யாருக்கு முழுப் பணம் திரும்பவேண்டும், யாருக்குப் பிற்பாடு பயன்படுத்தும் வரவுக் கணக்கு வைக்கலாம் என்று வகுத்தது. பெரிய கம்பெனிக்கும் பிரயாணிக்கும் நடுவே அப்படி ஒரு நியாயத்தலம் இருந்தது. வேன்காரருக்கும் நமக்கும் நடுவே உச்ச நீதிமன்றம் வராது. அவர் முன்பணத்தை வாங்கிய அன்றே வண்டிக்கு டயர் மாற்றியிருப்பார்; அல்லது மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருப்பார். "பணத்தைக் கையில் வை" என்று நாம் வாசலில் போய் நின்றால் அவர் யாரிடம் கடன் வாங்குவார்? நஷ்டம் வந்தே தீரும் என்றால், அதைத் தாங்கக்கூடியவன் அதிகமாகத் தாங்குவதே நியாயம். சில சமயம் அது நாமாய் இருப்போம்; சில சமயம் அவராய் இருப்பார். இருவரும் பாதிப் பாதி என்று முன்னரே பேசி வைத்துக்கொள்வதும் நல்ல வழியே.

போகாமல் இருப்பது பக்திக் குறைவு என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு சரித்திரம். 1576இல் மிலான் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கவர்னர் முதலான பெரியவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அதிமேற்றிராணியாராகிய அர்ச். சார்லஸ் பொரோமேயு போகவில்லை, நோயாளிகளைத் தேடிப்போனார். ஆனால் ஜனங்களை வீட்டை விட்டு வரச்சொல்லாமல், தெருச் சந்திகளில் பீடங்கள் அமைத்துப் பூசை நடக்கச் செய்தார். ஜனங்கள் தங்கள் ஜன்னலில் நின்றே பூசை கண்டார்கள். ஆபத்தை நோக்கிப் போகிறவனுக்கும் வீட்டில் தங்குகிறவனுக்கும் ஒரே சிநேகம் காரணமாய் இருக்கலாம் என்பதை அவர் காட்டினார். உதவி செய்யப் போகிறவன் போகட்டும். உதவ முடியாதவன் பாரமாய்ப் போகாதிருக்கட்டும்.

ஆகவே, வேன் பேசுகிற குடும்பத்தார் முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்களாக. போகிற இடத்து ஜனங்கள் நம் நிலைமையை முழுவதும் அறிந்தால் நம்மை மனமார வரவேற்பார்களா? நிலைமை கெட்டால், கொடுத்த பணத்தை மறந்துவிட்டு நிற்க நம்மால் முடியுமா? நின்றால், அந்த நஷ்டம் நம்மைவிட ஏழையான ஒருவர் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்வோமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவன் சந்தோஷமாய்ப் பதிவு செய்யலாம்.

2022இல் கிரிவலப் பாதை மறுபடியும் திறந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையும் நிரம்பியது. 2023 மே 5ந் தேதி, கொரோனாவால் உண்டான உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்வருஷமும் செப்டம்பர் வரும், வேனும் புறப்படும். சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்விதான். வேன்காரரிடம் முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், புறப்படும் நேரத்தைப் பேசுவதோடு, புறப்பட முடியாமற்போனால் என்ன செய்வது என்பதையும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.