முழு நைட்

அப்பாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் கேட்டு அச்சகத்திலிருந்து போன் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. ‘குடும்பத்துக்காகவே உழைத்து ஓய்ந்தவர்’னு போட்ருங்கண்ணா என்றேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. சிங்காநல்லூர்ச் சுவர்களில் அதே வரிக்கு மேலே எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் மில்லுக்குப் போனவர்கள்.

அப்பா 34 வருடம் பஞ்சாலையில் இருந்தார். கார்டிங்கில் பதிலியாகச் சேர்ந்து, ஸ்பின்னிங் சைடராக வெளியே வந்தார். சைடர் வேலை என்பது பெரும்பாலும் நடை. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் மெஷினுக்குப் பக்கத்திலேயே போய்வந்து, எங்கே இழை அறுகிறதோ அங்கே ஓடும் நூலில் விரலால் ஒட்ட வேண்டும். ஒரு பவுண்டு நாற்பதாம் நம்பர் நூலை நீட்டினால் 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். (அறுந்த இழையை ஒட்டுகிறவர், குடும்பத்தையும் அப்படியே... என்று ஒரு வாக்கியம் கைக்கு வந்தது. அடித்துவிட்டேன். அவர் நூலைத்தான் ஒட்டினார்.)

நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருடத்திலிருந்து அப்பா முழு நைட் ஷிப்டுதான் போனார். என் ஃபீஸுக்காகத் தூக்கத்தை விற்றார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் அதைக் கல்லூரியில் சொல்லியிருக்கிறேன், வேலைக்கான நேர்காணலில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரல் கம்மும். அது நடிப்பில்லை.

காரியத்தன்று அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். இலை எடுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, நான் சொன்ன அதே கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“உனக்காகப் போனான்னு யாரு கண்ணு சொன்னது? உங்கப்பனுக்கு முழு நைட்டுன்னா அத்தனை பிரியம். ஆபீசரு எவனும் வரமாட்டான். ரெண்டு மணிக்கு மேல மேஸ்திரியும் கண்ணசந்துருவான். உங்கப்பன் பாட்டுப் பாடிக்கிட்டே சைடு பார்ப்பான். பகல் ஷிப்டு குடுத்தாங்கல்ல, வேண்டாம்னுட்டானே!”

பாட்டா? அப்பா வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. ரேடியோவையே சின்னதாக வைக்கச் சொல்கிறவர்.

அன்றிரவு எனக்குக் கோபம்தான் வந்தது, அவர்மேல் இல்லை, எதன்மேல் என்றும் சொல்லத் தெரியவில்லை. அப்பா கஷ்டப்பட்டார் என்பது என் கையிலிருந்த சொத்து. அதை யாரோ வந்து பாதியாக்கிவிட்டுப் போன மாதிரி. அப்புறம்தான் உறைத்தது: ஒரு மனிதர் எட்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மகன் ஏன் வருத்தப்பட வேண்டும்? என் நன்றிக்கு அவருடைய துயரம் தேவையாக இருந்ததா?

தியாகம் என்ற சொல் கேட்பதற்குப் பெரிய மரியாதையாக இருக்கிறது. ஆனால் அது ஒரு வாழ்க்கை முழுவதையும் எடுத்து நம் பெயருக்கு எழுதிக்கொள்கிறது. அவருக்கென்று அதில் ஒரு ராத்திரிகூட மிச்சமில்லை.

சரி, அப்படியானால் ‘அவர் ஆனந்தமாகத்தான் இருந்தார்’ என்று எழுதிவிடலாமா? அது இன்னும் மோசம். அந்த வரி மில்லுக்குத்தான் வசதி. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அப்பாவுக்கு நெஞ்சு இறுகும். வெகுகாலம் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளமே அந்த முதல் நாள் இறுக்கம் என்று பின்னால் படித்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. அப்பாவை யாரும் பரிசோதிக்கவில்லை. கடைசியில், 1972ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 15 நாள் கூலி, 34 வருடத்துக்கு 510 நாள். மாதப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல்தான் வைத்தார்கள். பாட்டு இந்தக் கணக்கைக் கழித்துவிடாது. கணக்கும் பாட்டைப் பொய்யாக்கிவிடாது.

சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், ஆசிரியை வேலைக்கு லீவு போட்டுவிட்டு 1934 டிசம்பரில் பாரிஸ் தொழிற்சாலையில் கூலியாகச் சேர்ந்தார். அடுத்த ஆகஸ்டுக்குள் வெளியே வந்துவிட்டார். களைப்பு எப்படி யோசிக்கும் ஆசையையே தின்றுவிடுகிறது என்று அவர் அங்கே எழுதிய நாட்குறிப்பை இன்றும் படிக்கிறோம். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு வருடம்கூட இருக்காதவர் எழுதியதை வைத்துத்தான், 34 வருடம் இருந்து ஒரு வரியும் எழுதாதவரைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். வெய்லுக்கு வெளியேற ஒரு கதவு இருந்தது. கதவில்லாதவர்கள் உள்ளேயே ஏதாவது ஒரு மூலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள் போல. அப்பாவின் மூலை ராத்திரி ரெண்டு மணி.

பெரியவருக்குப் போன் போட்டு, அப்பா என்ன பாட்டுப் பாடுவார் என்று கேட்டேன். எம்.ஜி.ஆர். பாட்டா, டி.எம்.எஸ்.ஸா, கோயில் பாட்டா?

“அந்த மெஷின் சத்தத்துல யாருக்குக் கண்ணு கேக்கும்? வாய் அசையறதுதான் தெரியும். கேக்காதுங்கறதுனாலதான அவன் பாடுனதே.”

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். அப்பாவின் ராத்திரிகளுக்கு அவளும் விழித்திருந்தவள்தான். அவர் வந்து படுத்ததும் பகலெல்லாம் எங்களை வாய் பொத்தி வளர்த்தவள். அவளுடைய கணக்கை எந்தப் போஸ்டரிலும் போடவில்லை. ஒரு சாயங்காலம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னேன். முறம் நின்றது. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

“எங்கிட்ட ஒருநாளும் பாடுனதில்லையே” என்றாள். பிறகு, “என்ன பாட்டாம்?”