விழுந்ததா, விழுத்தினோமா?

கரவெட்டியில் ஒரு வீட்டிலே மாணவன் ஒருவன் ஏந்திய கண்ணாடிக் கிளாஸ் சீமெந்து நிலத்தில் விழுந்து உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'த கிளாஸ் புறோக்' என்றும் எழுதலாம். 'ஐ புறோக் த கிளாஸ்' என்றும் எழுதலாம். வினைச்சொல் ஒன்றே. தமிழிலோ உடைந்தது வேறு, உடைத்தேன் வேறு. ஓரெழுத்து மாற, செய்தவன் மறைந்து விடுகிறான்.

எது சரியான சொல்? 'கிளாஸ் விழுந்தது' என்பது பொய்யன்று. ஆனால் கையை மறைக்கிறது. 'உடைத்தேன்' என்பதோ வேண்டுமென்றே செய்ததாகவும் தொனிக்கும். 'ஐ ட்றொப்ட் இற்' என்பதே பொருத்தம். கை என்னுடையது என்று அது ஒப்புக்கொள்கிறது. இல்லாத நோக்கத்தைச் சேர்க்கவில்லை. அறிவோடும் மனச்சம்மதத்தோடும் செய்வதே மனிதச் செயல் என்பது புனித அக்குவினா தோமையாரின் போதனை. ஆகவே கையை ஒப்புக்கொள்வது பாவத்தை ஒப்புக்கொள்வதாகாது, உண்மையை ஒப்புக்கொள்வதாகும்.

விடுதலைப் பயண நூல் 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆரோன் பொன்னை வாங்கிக் கருவியால் கன்றுக்குட்டியை உருவாக்கினார் என்கிறது 4ஆம் வசனம். மோசே கேட்டபோதோ, பொன்னை நெருப்பில் போட்டதாகவும் கன்றுக்குட்டி வெளியே வந்ததாகவும் அவர் விடையளிக்கிறார். 'செய்தேன்' என்பது 'வந்தது' ஆகிவிட்டது.

இந்த ஒரு சொல் மாற்றம் நம் மண்ணில் தாய்மாரின் கண்ணீராகவும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நிறுவிய அலுவலகம் 'காணாமற்போன ஆட்கள்' என்ற பெயரைத் தாங்கியது, ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்'. போரில் தொலைந்த அனைவரையும் அடக்க அச்சொல் உதவலாம். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் போராட அமர்ந்த தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். ஆடு காணாமற்போகும்; கண்முன்னே கையளித்த பிள்ளை எப்படிக் காணாமற்போவான்? தானாக மறைவதைக் குறித்த 'டிஸப்பியர்' என்ற ஆங்கில வினையையும் 'வோஸ் டிஸப்பியர்ட்' என்று உலகம் மாற்றி வழங்க வேண்டியதாயிற்று. அதிலும் ஆக்கியவன் பெயர் இல்லை. அந்தப் பெயரைத்தான் தாய்மார் கேட்கின்றனர். அந்தக் கை எவருடையதாயினும், நம்மவருடையதே ஆயினும், உண்மை ஒன்றே.

பிறரிடம் இதைக் கேட்கும் நாம் நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? மனைவியை அடித்தவர் 'கை நீண்டிட்டுது' என்கிறார். சகோதரனோடு பேசாதிருப்பவர் 'உறவு விட்டுப்போச்சு' என்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் 'கோபம் வந்திட்டுது' என்றே சொல்லி எழும்பிவிடுகிறோம். திருப்பலித் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கைச் செபமோ 'நான்' என்றே பேசுகிறது.

பெற்றோரே, 'நான்தான் விழுத்திப்போட்டன்' என்று பிள்ளை வந்து சொன்னால் பிரம்பை எடுக்காதீர்கள். உண்மைக்கு அடி விழும் வீட்டில், அடுத்த முறை கிளாஸ் தானாகவே விழும்.