விலை கொடுத்தவன் சாட்சி

கொங்கு நாட்டில் மாடு வாங்கப் போகிறவர் விற்கிறவரிடம் விலையைத்தான் கேட்பார். குணத்தைக் கேட்க மாட்டார். காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது பிறகு நடக்கிற காரியம். அதற்கு முன்பே, அந்தக் கட்டுத்தறியிலிருந்து போன வருஷம் மாடு பிடித்தவர் யார், அவருக்கு அது எப்படி உழைத்தது என்று விசாரித்திருப்பார்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்கினாலும் இதே வழக்கந்தான். கடைக்காரர் சொல்லுவது வியாபாரம். வைத்து ஆண்டவர் சொல்லுவது சாட்சி என்பது நம் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை சரிதானா? விலை கொடுத்து வாங்கியவன் தன் பொருளைப் பற்றி உண்மை பேசுகிறானா?

மாட்டின் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு வேலை இல்லை. அது உழுகிறதா, படுத்துக் கொள்கிறதா என்பதை ஊரே வரப்பில் நின்று பார்க்கிறது. ஆனால் சில பொருள்களின் நன்மை தீமை வீட்டுக்குள்ளேயே, அதுவும் சொந்தக்காரர் காதுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கோயமுத்தூரில் வசதியுள்ள வீடுகளில் இன்று இடம் பிடித்திருக்கும் ஹோம் தியேட்டர் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் அப்படிப்பட்ட பொருள். 1941-ஆம் ஆண்டிலேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்த ஜி. டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. இயந்திரத்தைக் கண்டு பிரமிக்காமல், அதைப் பிரித்துப் பார்க்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரிலும் இந்தக் கருவியைப் பற்றி நேரான வார்த்தை கேட்பது எளிதாக இல்லை.

கருவியின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமாவிலிருந்தோ பாட்டிலிருந்தோ வருகிற ஒலிச் செய்தி மிக மெலிந்தது. இசைத்தட்டின் முள்ளிலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். அதை ஏறக்குறைய 200 மடங்கு உயர்த்தி ஒரு வோல்ட் ஆக்கிக் கொடுத்தால்தான் பெரிய ஆம்ப்ளிஃபயர் அதை வாங்கி ஒலிபெருக்கிகளை முழங்க வைக்கும். வீட்டுக் கொட்டகையில் இன்னும் சில பொறுப்புகள் உண்டு. எந்தச் சத்தம் முன்னால் வர வேண்டும், எது முதுகுக்குப் பின்னால் வர வேண்டும், எது எத்தனை நொடிப் பங்கு தாமதித்து வர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் இதன் வேலை. ஒரு சிறு மைக்கை வைத்து அறையையே அளந்து கொள்கிற கருவிகளும் இருக்கின்றன. இவ்வளவையும் செய்துவிட்டு, தன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காமல் ஒதுங்கிக் கொள்ள வேண்டும். அதுதான் இதன் உயர்ந்த குணம்.

சாயிபாபா காலனியில் ஒரு நண்பர் வீட்டில் இந்தக் கருவி இருக்கிறது. யார் போனாலும் ஹெலிகாப்டர் பறக்கிற ஒரே காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார். அவருடைய சொந்தக்காரப் பையன், நூல் மில்லில் சூப்பர்வைசராக இருப்பவன், ஒரு நாள் வந்திருந்தான். தவணையில் வாங்கலாமா என்று அவனுக்கு யோசனை.

"ஏனுங்ணா, இது எப்படியிருக்குதுங்க?" என்று கேட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடு கண்ணு. குத்தம்னு ஒண்ணு சொல்ல முடியாது" என்றார் நண்பர்.

சமையற்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "மாசத்துல ரெண்டு நாளைக்குப் படம் வரும், சத்தம் வராது. அணைச்சு அணைச்சுப் போடோணும். அதையும் சொல்லுங்க!"

"அது ஒயரு பண்ற வேலை. மெசின்ல ஒண்ணுமில்லை" என்றார் நண்பர், கொஞ்சம் தணிந்த குரலில்.

நண்பர் பொய்யரல்லர். கடையில் பத்து ரூபாய் அதிகமாகச் சில்லறை வந்துவிட்டால் திரும்ப நடந்து போய்க் கொடுப்பவர். அப்படியானால் அவர் எதைக் காப்பாற்றுகிறார்? கருவியைக் காப்பாற்றவில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்த தம்முடைய புத்தியைக் காப்பாற்றுகிறார். கருவியில் குறை உண்டு என்று ஒப்புக் கொண்டால், தேர்ந்தெடுத்த தம்மிடமும் குறை உண்டு என்று ஆகிவிடுமே என்ற பயம் அவருக்கே தெரியாமல் உள்ளே இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவில் புதுக் கார் வாங்கியவர்களை ஆராய்ந்தார்கள். வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, தாங்கள் வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே அவர்கள் அதிகமாகப் படித்தார்களாம்! வாங்குகிறவனை மயக்கத்தான் விளம்பரம் என்று நினைக்கிறோம். வாங்கினவனுக்கு ஆறுதல் சொல்லவும் அது வேண்டியிருக்கிறது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அவர் பணம், அவர் கருவி, அவர் சந்தோஷம். நஷ்டம் அந்தப் பையனுக்கு. அவன் கேட்டது ஒரு வார்த்தை. அந்த வார்த்தையோடு அவன் ஆசையும் சேரும், கடைக்காரரின் பேச்சும் சேரும், தவணைக்காரரின் புன்சிரிப்பும் சேரும். வானொலிப் பெட்டிகளைப் பற்றி ஹரால்ட் ஃப்ரிஸ் என்ற பொறியாளர் 1944-இல் ஒரு கணக்கு எழுதினார். பல கட்டங்களாகப் பெருக்குகிற கருவியில் முதற்கட்டத்தில் நுழைகிற இரைச்சல்தான் பெரிய கேடு; பின்னால் வருகிற கட்டங்கள் அதையும் நல்ல ஒலியோடு சேர்த்துப் பெருக்கிவிடும் என்பது அதன் சாரம். மனிதர்கள் வார்த்தைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். நண்பர் சேர்த்த இரைச்சல் மிகச் சிறிது; பையன் வீட்டை எட்டும்போது அது மூன்று வருஷத் தவணையாகிவிடும்.

'குறையை நான் மறைக்கவில்லையே, தணிந்த குரலில் சொன்னேனே' என்று நண்பர் வாதாடலாம். குருக்ஷேத்திரத்தில் தருமபுத்திரரும் அப்படித்தான் சொன்னார். அசுவத்தாமன் இறந்தான் என்பது உரக்க வந்தது. யானை என்பது மெல்ல வந்தது. உண்மையைச் சொல்லத்தான் சொன்னார், கேட்கும்படி சொல்லவில்லை. தரையைத் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த அவர் தேர் அன்று தரையில் இறங்கிவிட்டதாகப் பாரதம் சொல்லுகிறது. உண்மைக்குச் சொல் மட்டும் போதாது. தக்க ஒலியளவும் வேண்டும்.

வள்ளுவர் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுத்தவர். அதைச் சாக்காக வைத்து நாம் நிறையப் பொய் சொல்லிக் கொண்டிருக்கிறோம். ஒருவர் பொருளை வாங்கி வீட்டில் வைத்தும் ஆகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவரிடம் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லுவதில் தாட்சணியம் இருக்கிறது, வள்ளுவர் மன்னிப்பார். இன்னும் வாங்காதவனிடம் அதே வார்த்தையைச் சொன்னால் அதில் தாட்சணியம் எங்கே இருக்கிறது? அவன் கையில் பணம் இன்னும் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்கு நம் ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கருவி ஒரு நாள் முரண்டு பிடித்தால் போதும், கம்பெனியையே மோசக்காரன் என்று தெருவெல்லாம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று ஓயாத முனகல் கேட்கிறது என்பார். ஒயரிங் செய்பவரை அழைத்துப் பார்த்தால், எர்த் சரியில்லாத வீட்டில் டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வெவ்வேறு பிளக்கிலிருந்து மின்சாரம் கொடுத்திருப்பார்! கோபமும் பெருமையைப்போல ஓர் இரைச்சல்தான். தன் புத்தியைக் காப்பாற்றக் கருவியைப் புகழ்கிறவரும், தன் வீட்டுக் குறையை மறைக்கக் கருவியை இகழ்கிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

சினிமாக் கருவி வாங்கிய ஒருவரைக் கோயமுத்தூர் மறக்க முடியாது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச் சுருள்களையும் வாங்கினார். வாங்கியதை வீட்டில் வைத்து வர்ணித்துக் கொண்டிருக்கவில்லை. ஊர் ஊராகக் கொண்டு போய்க் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-இல் இந்த ஊரில் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். கருவி நின்றால் கூட்டம் கூச்சல் போடும். ஓடினால் மறு நாளும் வரும். அவர் கருவிக்குச் சாட்சி சொன்னது அவர் வாய் அல்ல, டிக்கெட் வாங்கிய ஜனங்கள்.

வீட்டுக்குள் வைத்திருக்கும் கருவிக்கு அந்த வசதி இல்லை. அங்கே பார்த்தவரும் நாம்தான், கேட்டவரும் நாம்தான், சாட்சியும் நாம்தான். ஆகையால் பொறுப்பும் அதிகம். எத்தனை மாதமாக வைத்திருக்கிறேன், எவ்வளவு பெரிய அறையில் வைத்திருக்கிறேன், என்ன செய்கிறது, எப்போது செய்ய மறுக்கிறது, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா, வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று இவ்வளவையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு ஒதுங்கிக் கொள்ளலாம். வாங்குவதும் வாங்காததும் கேட்டவன் பாடு.

நல்ல ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் செய்வது அதுதான். வந்ததை வந்தபடி கொடுக்கிறது. தன் பெருமையையும் தன் முனகலையும் அதில் கலப்பதில்லை. லட்சம் கொடுத்து அந்தக் குணத்தை வீட்டுக்கு வாங்கி வருகிறோம். கூடத்து அலமாரியில் அது இருக்கட்டும். கொஞ்சம் நாக்கிலும் இருந்தால், நம்மை நம்பிக் கேட்க வந்த பிள்ளை கடன்படாமல் வீடு திரும்புவான்.