நினைவு எனும் கடமை

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, கோவை மறைமாவட்டத்தின் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுவர்த்தி ஒளியில் மிளிர்கின்றன. புல்லைச் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை சூட்டி, குருவானவரைக் கொண்டு மந்திரிக்கச் செய்கிறோம். அப்போது உடன் வந்திருக்கும் பேரப்பிள்ளை, “இங்கே இருப்பவர் யார்? எப்படி வாழ்ந்தார்?” என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் விடை கூற இயலும்? இறந்தோரின் ஆன்மாக்களுக்காக மன்றாடுவது கடமை என்பதை நாம் அறிவோம். அவர்களுடைய வாழ்வை அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைப்பதும் கடமைதானா? ஆம் எனில், எதை எடுத்துரைப்பது?

கொங்கு நாடு நினைவைக் கல்லில் பொறித்துவைத்த நாடு. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கும், பட்டியைக் காக்கப் புலியோடு பொருது மடிந்தவனுக்கும் நம் முன்னோர் நடுகல் நாட்டினர். புலிகுத்திக்கல் என மக்கள் வழங்கும் கற்களை இன்றும் இப்பகுதியில் காணலாம். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கும் அம்முறை, வாழ்த்துவதில் நிறைவுறுகிறது. கல்லை நட்டதோடு கடமை தீர்ந்துவிடவில்லை. அவன் புகழைச் சொல்ல ஒரு வாயும் வேண்டியிருந்தது. இன்று எழுத்தில்லாத கற்கள் பலவற்றுக்கு மஞ்சள் பூசி வழிபடுவோர் உள்ளனர். அவ்வீரன் யார் எனச் சொல்வோர் இல்லை. கல் நிலைத்தது, சொல் அறுந்தது.

விவிலியம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. யோர்தானைக் கடந்த இஸ்ரயேல் மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்து வந்து கில்காலில் நாட்டினர். பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களின் பொருளைக் கேட்கும்போது, பெற்றோர் நடந்ததை அவர்களுக்கு விளக்க வேண்டும் என்று யோசுவா பணித்தார். பிள்ளையின் உள்ளத்தில் கேள்வியை எழுப்பவே கல். பெற்றோர் தரும் விடையே உண்மையான நினைவுச் சின்னம்.

நம் இல்லங்களிலோ கல்லுக்குப் பதிலாகப் படங்கள் தொங்குகின்றன. கைப்பேசிகளில் நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் குவிந்துள்ளன. ஆயினும் அப்பாருவின் தந்தை பெயரைச் சொல்லும் பிள்ளைகள் சிலரே. அம்மிச்சியின் தாய் பெயரைச் சொல்வோர் அவர்களினும் குறைவு. பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. கோவையின் முதல் நூற்பாலை 1888இல் நிறுவப்பட்டது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் இரவுப் பணிக்கு நடந்தே சென்று குடும்பங்களைக் கரையேற்றினர். “மில்லில் வேலை பார்த்தார்” என்ற மூன்று சொற்களுக்குள் அவர்களுடைய முழு வாழ்வும் அடங்கிவிடலாமா? திரிதெந்து சங்கம் 1563இல் பங்குகளில் திருமணப் பதிவேடு வைக்கப் பணித்தது. அத்தகைய பதிவேடுகள் நம் முன்னோரின் பெயரையும் நாளையும் காத்துத் தருகின்றன. அவர்கள் எதற்கு அஞ்சினர், எதை நம்பினர் என்பதை இல்லத்தார்தாம் காக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். அவ்வழக்கத்தின் பின்னே அன்பு உண்டு. ஆனால் குறையே இல்லாத தாத்தாவைக் கேட்டு வளரும் பிள்ளை, தான் இடறி விழும்போது அவரிடம் ஆறுதல் தேட முடியுமா? மத்தேயு தரும் தலைமுறை அட்டவணை, தாவீதின் பாவத்தை நினைவூட்டும் வண்ணம் உரியாவின் மனைவியைக் குறிப்பிடுகிறது. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்கவில்லை. புனித அகுஸ்தீனார் தம் அன்னை மோனிக்காவைப் பற்றி எழுதியபோது, இளமையில் அவரைப் பற்றியிருந்த மதுப்பழக்கத்தையும், அதிலிருந்து அவர் விடுபட்டதையும் சேர்த்தே எழுதினார். அதனால் அவ்வன்னையின் புனிதம் குறைந்துவிடவில்லை. நமக்கு அருகில் வந்தது.

உண்மை பேசுவது என்பது புண்களைக் கிளறுவது ஆகாது. உயிரோடு இருப்பவரை நோகடிக்கும் செய்தியும், பழைய பங்காளிப் பகையை மீண்டும் மூட்டும் செய்தியும் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. கேட்கும் பிள்ளையை வளர்க்குமா, இறந்தவருக்கு நீதி செய்யுமா என்பதே அளவுகோல்.

நம் மறைமாவட்ட வரலாறே இதற்குச் சான்று. மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகை 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் கோவையின் முதல் திருத்தூதுப் பதிலாளாக விளங்கினார். சாதி வழக்கங்கள் குறித்துத் தம் மனச்சான்றை வாட்டிய ஐயங்களையும் அவர் எழுதிவைத்தார். இறுதியில் பதவியைத் துறந்தார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவிய அவர், 1859இல் பிரீடவுனில் உயிர் நீத்தார். அவர் எழுதியதால் இன்றும் அவருடைய மனப்போராட்டம் நமக்குத் தெரிகிறது. அவருக்கு முன் நடந்த உபதேசியார்கள், அவரை வரவேற்ற ஏழைக் குடும்பத்தார் ஆகியோரின் நெஞ்சில் இருந்தது என்ன? அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். நாமோ எழுத்தறிந்தவர்கள், நமக்கு என்ன சாக்கு உண்டு?

செலவு மிக்க கல்லறை இதற்குத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், முதியவர் அருகே அமரப் பொறுமையும் போதும். அவர் இறைத்த கிணறு எது, பஞ்சத்தில் என்ன உண்டார், யாரிடம் மன்னிப்புக் கேட்டார் எனக் கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதுவோம். தம் உடலை எங்கு வேண்டுமானாலும் புதைத்துவிட்டு, ஆண்டவரின் பீடத்தில் மட்டும் தம்மை நினைவுகூருமாறு மோனிக்கா வேண்டினார். திருப்பலியில் இறந்தோரை நினைக்கும் அந்தச் சிறு அமைதியில், நம் பிள்ளைகளின் உள்ளத்தில் வெறும் பெயர்கள் மட்டும் எழாமல், தாம் அறிந்த மனிதர்களின் முகங்கள் எழட்டும்.