தானியங்கி கியர்பாக்ஸும் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரமும்

தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள காரில் எந்த வேகத்துக்கு எந்தக் கியர் என்று ஓட்டுநர் யோசிப்பதில்லை. மேட்டில் ஏறும்போது கியர் இறங்குகிறது, சமதரையில் வேகம் பிடித்ததும் ஏறுகிறது. உள்ளே யாரோ உட்கார்ந்து பார்த்துச் செய்வதுபோல அத்தனை பொருத்தமாக மாறுகிறது. பெட்டியை இறக்கிப் பிரித்தால் பல்சக்கரம், கிளட்ச் தட்டு, வால்வு, ஸ்பிரிங், சிவந்த எண்ணெய் இவைதான் கிடைக்கும். முடிவெடுத்தவர் என்று ஒருவரும் அகப்பட மாட்டார். உடம்பும் இப்படித்தானா, அதற்குள் உயிர் என்று தனியே ஒன்று உண்டா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்வி.

தமிழில் இந்த வாதத்தை முறையாக நடத்திய சைவ சித்தாந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் இன்றைய கடலூர் மாவட்டத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் என்பது மரபு. அவருக்கு மாணவரான அருணந்தி சிவாசாரியார் பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருத்துறையூர்க்காரர். சந்தானக் குரவர் எனப்படும் இந்தக் குரு வரிசையில் நான்காமவரான உமாபதி சிவாசாரியார் தில்லைவாழ் அந்தணர் மரபினர்; மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றதால் தம்மவரால் ஒதுக்கப்பட்டு, சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தார். அவருடைய சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235இல், அதாவது கி.பி. 1313இல் எழுந்தது. இவர்கள் எல்லாருக்கும் மூலநூல் மெய்கண்டாரின் சிவஞானபோதம். 12 சூத்திரம், 40 வரி, அவ்வளவுதான். அதன் மூன்றாம் சூத்திரம் உடம்பை மாயை என்னும் சடப்பொருளால் ஆன இயந்திரம் என்றே சொல்லி, அதற்குள் உயிர் உண்டு என்பதற்கு ஏழு காரணங்களை அடுக்குகிறது. ஆகவே அந்தச் சூத்திரத்தை ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வலிந்து செய்யும் வேலை ஆகாது.

இங்கே கருதப்படுவது என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியே கடத்தும் டார்க் கன்வர்டர் உள்ள முழுத் தானியங்கி கியர்பாக்ஸ். 2014இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி வேறு வகை. அது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் மனிதனுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஆயில் அழுத்தமோ செய்கிறது. அதைக் கொண்டு தத்துவம் பேசினால் வாதம் பாதியிலேயே நின்றுவிடும்.

வீட்டுக் கொட்டகையில் பெட்டியைப் பிரித்துக் கோர்க்கும் வேலையைச் செய்யத் தூசி புகாத இடமும் பொறுமையும் வேண்டும். காரை ஸ்டாண்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, பெட்டியை அதற்கென்று உள்ள ஜாக்கியில் தாங்கி இறக்க வேண்டும். பெரிய கார்களின் பெட்டி 70, 80 கிலோ இருக்கும். கையால் தாங்கிவிடலாம் என்று கீழே படுப்பவர் உயிரோடு விளையாடுகிறார். பிரிப்பதற்கு சர்க்கிளிப் பிளையர், பம்ப்பை வெளியே இழுக்கும் ஸ்லைடு ஹேமர், கிளட்ச் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரசர் ஆகியவை தேவை. அளப்பதற்கு ஃபீலர் கேஜும் டயல் கேஜும், முடுக்குவதற்கு டார்க் ரெஞ்சும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக அந்த மாடலுக்குரிய சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது. கழற்றும் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, தட்டில் வரிசையாக வைத்து, பெயர் எழுதி ஒட்டுவது வழக்கம். முதலில் டார்க் கன்வர்டர் வெளியே வரும். பிறகு ஆயில் பேன், ஃபில்டர், வால்வு பாடி, பம்ப், கிளட்ச் தொகுதிகள், கடைசியில் கோள் பல்சக்கரங்கள். மாட்டும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாகும்.

சித்தாந்தம் உலகத்தைப் பற்றிச் சொல்வதும் இதே ஒழுங்குதான். உலகை ஆக்கும் கூறுகளான தத்துவங்கள் 36. அவை மாயையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒடுங்கும்போது தோன்றிய வரிசைக்கு எதிராக, கடைசியில் வந்த நிலம் முதலில் தொடங்கி, வந்த வழியே திரும்புகின்றன. ஒடுக்கம் அழிவாகாது, காரணத்துக்குள் காரியம் அடங்குவது என்பது இவர்கள் கொள்கை. இல்லாதது தோன்றாது, உள்ளது அடியோடு இல்லாமல் போகாது. இதைச் சற்காரியவாதம் என்பர். மீண்டும் எதற்காகத் தோற்றுவிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கிறார்கள். உயிர்களைப் பற்றிய மலம், அதாவது அவற்றின் அறிவை மறைக்கும் அழுக்கு, இன்னும் கழியவில்லை. ஒடுக்கம் இளைப்பாறல், மறுதோற்றம் மலம் கழிப்பதற்கான வாய்ப்பு.

பிரித்த பெட்டிக்குள் முடிவு எப்படி எடுக்கப்பட்டது? ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொண்டுவந்த ஹைட்ரமேட்டிக்கில் கணினி கிடையாது. வண்டியின் வேகத்துக்கு ஏற்பக் கூடும் ஓர் எண்ணெய் அழுத்தம் வால்வை ஒருபுறம் தள்ளும். ஆக்சிலரேட்டரின் மிதிப்புக்கு ஏற்ப உண்டாகும் இன்னொரு அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும் எதிர்ப்புறம் தள்ளும். எது வெல்கிறதோ அந்தப் பக்கம் வால்வு நகரும், எண்ணெய் வேறு வழியில் ஓடி வேறு கிளட்சைப் பிடிக்கும், கியர் மாறும். அறிவு போலத் தோன்றியது இரண்டு அழுத்தங்களின் தள்ளுமுள்ளு.

உடம்புக்கு அப்பால் உயிர் இல்லை என்னும் உலகாயதர் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு மெல்லும்போது வருவதுபோல, பூதங்கள் கூடும்போது அறிவு வருகிறது என்பது அவர்கள் கட்சி. பௌத்தர் வேறு வழியில் அதே இடத்துக்கு அருகே வருவர். பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் கிரேக்க வழி மன்னன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைப் பற்றிக் கேட்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்கு வழங்கும் பெயரே தேர், ஆளும் அப்படியே. கியர்பாக்ஸைப் பிரித்துத் தட்டில் அடுக்கியவருக்கு நாகசேனர் சொல்வது மறுக்க முடியாததாகவே தோன்றும்.

மூன்றாம் சூத்திரத்தின் முதல் காரணம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இது இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லிவரும் ஒருவர் இருக்கிறார். அப்படிச் சொல்பவரே உயிர். நாகசேனரும் மன்னனும் தேரைப் பிரித்தார்கள். பிரித்த இருவரும் தேருக்கு வெளியே நின்றார்கள். உடம்பைப் பிரிக்கும்போது அப்படி வெளியே நிற்க வழியில்லை, பிரிப்பவரே பிரிக்கப்படுபவர். ஆகவே மிச்சம் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்தவர் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஏழு காரணங்களில் வலுவானது இதுதான்.

மற்றவை ஒவ்வொரு கட்சியையும் தனித்தனியே விலக்குகின்றன. என் உடம்பு என்று பிரித்துச் சொல்வதால் உடம்பு உயிராகாது. கண் நிறத்தை மட்டும் அறியும், காது ஒலியை மட்டும் அறியும். ஐந்தையும் சேர்த்து அறிவது ஒன்று இருப்பதால் பொறிகளும் உயிராகா. இன்றைய கியர்பாக்ஸில் உள்ளே வரும் சுழற்சிக்கு ஒரு சென்சார், வெளியே போகும் சுழற்சிக்கு ஒன்று, ஆயில் சூட்டுக்கு ஒன்று. ஒன்றுக்கு மற்றதன் செய்தி தெரியாது. எல்லாம் கட்டுப்பாட்டுக் கணினியில் வந்து சேர்கின்றன. நான்காம் காரணம் கனவைப் பற்றியது, அதற்குக் கியர்பாக்ஸில் ஒப்பு இல்லை. ஐந்தாவது பிராணனே உயிர் என்பவர்களுக்குப் பதில்: தூக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் வினை செய்வதும் இல்லை. என்ஜின் ஓடும்போது பார்க் நிலையில் பம்ப் சுழல்கிறது, எண்ணெய் அழுத்தத்தோடு பாய்கிறது, வண்டி மட்டும் நகர்வதில்லை. ஓட்டம் வேறு, செயல் வேறு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகளை ஒரு நாளின் மூச்சுக்களாகவும், அவற்றை இறுக்கும் 72,000 ஆணிகளை நாடிகளாகவும் எண்ணும் மரபும் மூச்சைக் கூரையில்தான் வைத்தது. கூத்தன் நிற்கும் இடம் அதற்குக் கீழே.

ஆறாம் காரணத்தைப் பிறகு பார்க்கலாம். ஏழாம் காரணம் எல்லாம் சேர்ந்த கூட்டமே உயிர் என்பவரை நோக்கியது. மாயையிலிருந்து வந்த கருவிகள் வெவ்வேறு பெயரோடு நிற்கின்றன; அவற்றில் எதுவும் உயிர் ஆகாததுபோல் அவற்றின் தொகுதியும் ஆகாது. இது கொஞ்சம் அவசரமான வாதம். கிளட்ச் தட்டு தனியே கியர் மாற்றாது, பல்சக்கரம் தனியே மாற்றாது, தொகுதி மாற்றத்தான் செய்கிறது. செயலைப் பொறுத்தவரை கூட்டத்துக்கு உறுப்பில் இல்லாத திறன் வரும் என்பதைச் சித்தாந்தி ஒப்புக்கொள்வதே நல்லது. அறிவு அப்படி வருமா என்பதே அடுத்த கேள்வி, அதற்கு விடை முதல் காரணத்தில் இருக்கிறதே ஒழிய ஏழாவதில் இல்லை.

பிரித்ததைத் திரும்பக் கோர்ப்பதில் சித்தாந்தத்தின் இன்னொரு வாதம் கண்முன் நிற்கிறது. குடம் உண்டாக மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சக்தி, சிவன் என்று இதைப் பொருத்துவார்கள். தேய்ந்த கிளட்ச் தட்டுகளும் இறுகிப்போன ரப்பர் சீல்களும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளா. புதுத் தட்டுகளை அந்தப் பெட்டிக்குரிய தானியங்கி ஆயிலில் அரை மணியாவது ஊறவைத்தே மாட்ட வேண்டும். சிறு குண்டுகளும் வாஷர்களும் விழாமல் ஒட்டிக்கொள்ள வாசலைன் தடவுவார்கள். கெட்டி கிரீஸ் தடவினால் ஆயிலில் கரையாமல் வழிகளை அடைக்கும். நூல் உதிரும் பனியன் வேஸ்ட்டால் வால்வு பாடியைத் துடைக்கவே கூடாது. ஒவ்வொரு கிளட்ச் தொகுதியின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். எண்ணெய்த் துளை வழியே 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தினால் பிஸ்டன் ‘தப்’ என்று நகரும் ஒலி கேட்கும். சீறல் கேட்டால் சீல் சரியில்லை. வால்வு பாடி போல்ட்டுகளைக் கைபோனபடி முறுக்கினால் அலுமினியம் வளைந்து வால்வு சிக்கும். டார்க் கன்வர்டரைத் திருப்பித் திருப்பி, அது பம்ப்போடு முழுவதும் பொருந்தி உள்ளே இறங்கியதை உறுதிசெய்த பிறகே பெட்டியை என்ஜினோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது பம்ப் உடையும். சரியான சாமானும் சரியான கருவியும் மேசையில் இருந்தும், அறிந்து செய்பவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஆயுத பூசையன்று கடலூர், சிதம்பரம் மெக்கானிக் பட்டறைகளில் ஸ்பேனர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்குச் சித்தாந்தம் ஒரு நல்ல காரணம் தருகிறது. கருவி சடம்தான். ஆனால் இறைவனின் சக்தியே உலகப் படைப்பில் துணைக்காரணமாக நிற்பதால், துணைக்காரணம் என்ற நிலை மதிப்புக்குரியது. வருமானம் தரும் பொருளுக்கு நன்றி சொல்வது என்ற வழக்கமான விளக்கத்தைவிட இது ஆழமானது.

ஆனால் கியர்பாக்ஸைக் கொண்டு குயவன் வாதம் நிறுவுவது வெளியே ஒரு வினைஞர் உண்டு என்பதை மட்டுமே. உள்ளே உயிர் உண்டு என்பதை அது தொடவில்லை. இரண்டையும் கலந்து, இயந்திரத்துக்கு ஒரு செய்தவர் இருப்பதால் உடம்புக்குள் ஓர் ஆன்மா இருக்கிறது என்று மேடையில் பேசுவோர், உலகுக்கு வினைமுதல் உண்டு என்னும் முதல் சூத்திரத்தையும் உயிர் உண்டு என்னும் மூன்றாம் சூத்திரத்தையும் குழப்புகிறார்கள்.

புதிய கியர்பாக்ஸ்கள் ஒரு சிக்கலைச் சேர்க்கின்றன. கட்டுப்பாட்டுக் கணினி தட்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்ப அழுத்தத்தைத் திருத்தித் திருத்தி அந்தத் திருத்தங்களை நினைவில் வைத்திருக்கும். புதுத் தட்டு போட்டபின் பழைய நினைவை ஸ்கேனரால் அழித்து, வண்டியைக் குறிப்பிட்ட முறையில் ஓட்டிப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். ஆறாம் காரணமோ உணர்த்த உணர்வது உயிர் என்கிறது. அப்படியானால் கற்கும் கணினியும் உயிரா?

ஆறாம் காரணம் யாரை மறுக்க எழுந்தது என்று பார்த்தால் சிக்கல் அவிழும். உயிரே பரம்பொருள் என்பவருக்கு அது சொல்லும் பதில்: பிறர் உணர்த்தினால்தான் உணர்வது தானே எல்லாம் அறியும் கடவுளாக முடியாது. ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டு வந்த சகலாகம பண்டிதரை மெய்கண்டார் ஏற இறங்கப் பார்த்தார். நின்ற அந்த நிலையே விடை என்று உணர்ந்து அவர் அருணந்தி ஆனார் என்று மரபு சொல்வதும் இந்த உணர்த்தலைத்தான். இந்தக் காரணத்தின்படி கியர்பாக்ஸ் கணினி கடவுள் இல்லை என்று மட்டுமே தேறும், உயிர் என்று தேறாது. மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்களை அரசனுக்கு அமைச்சர் போல என்று நான்காம் சூத்திரம் ஒதுக்கியிருப்பதால், செய்திகளைச் சேர்த்துத் தீர்ப்பளிக்கும் கருவியைச் சித்தாந்தி அமைச்சர் வரிசையில்தான் வைப்பார்.

ஆக, பிரித்த பெட்டிக்குள் யாரையும் காணவில்லை என்பது உலகாயதருக்குச் சான்றாகாது, சித்தாந்தத்துக்கு மறுப்பும் ஆகாது. வெளியிலிருந்து பிரித்தால் இயந்திரத்திலும் உடம்பிலும் கருவிகளே கிடைக்கும். அதை மெய்கண்டாரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய சூத்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்பவருக்கு எழுதப்பட்டது. இன்னொன்றுக்குள் உயிர் உண்டா என்று வெளியிலிருந்து அளக்கும் கேஜ் அதில் கிடையாது, அதை அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையில்லை. நூலைப் படிக்க விரும்புவோர் மாதவச் சிவஞான முனிவரின் மாபாடியத்தில் இறங்கித் திணறாமல், அவரே எழுதிய சிற்றுரையில் மூன்றாம் சூத்திரப் பகுதியை முதலில் படிப்பது நல்லது.